ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே

முதலில் வயரை மாற்றினேன்.
பழையது, உடைந்த மேசை விளக்கிலிருந்து அறுத்தது.
பூபாலன் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு,
"இதில் பாட்டு வந்ததே பெரிய விஷயம், அக்கா" என்றான்.

பிறகு ஆம்ப்ளிஃபையர்.
பைன்டவுனில், விவாகரத்தான ஒரு பல் டாக்டர் விற்றார்.
எண்ணூறு ரேண்ட் குறைத்தார்.
காருக்குத் தூக்கிப் போகையில்
கேட்டைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்தார்.
பன்னிரண்டு கிலோ.
கார் ஆலையில் சம்பளக் கணக்குப் போடுகிறவள் நான்.
மூன்று மாத ஓவர்டைமை
முதல் தடவையாகக் கையால் நிறுத்தேன்.

கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி,
டிஏசி. சோப்புக்கட்டி அளவு.
சிடியில் இருப்பது வெறும் எண்கள்,
அதைக் குரலாக்குவது இதன் வேலை.
புரிந்தது. நானும் மாதாமாதம்
எண்களை வாடகையாக, பள்ளிச் சீருடையாக
ஆக்கி அனுப்புகிறவள்தானே.

எல்லாம் இணைத்து, சுவிட்சைப் போட்டால்
ம்ம்ம்ம்.
பூபாலன் மறுபடி வந்தான்.
எர்த் பார்த்தான். ஏரியல் வயரைப் பிடுங்கினான்.
குறைந்தது. போகவில்லை.
ஆர்மோனியத்தில் அதைத் தேடிப் பிடித்தேன்:
ஐந்து கட்டை. அதற்கும் ஒரு மயிரிழை மேலே.
எண்ணெய் ஆலை நின்ற பிறகும் சுவரில் கரி படிந்த
இந்த மெர்பேங்க்கில்,
எங்கள் தெருவின் அத்தனை ஃப்ரிட்ஜும்,
எதிர்வீட்டு மிஸஸ் மக்காத்தினியின் மீட்டர் பெட்டியும்
ஒரே சுருதியில் நின்றுகொண்டிருந்திருக்கின்றன.
இத்தனை வருடம் நான் சேராமல் பாடியிருக்கிறேன்.

"நல்ல சிடியாகப் போடு, அக்கா."
நல்லது இருந்தது, ஜப்பானில் அடித்தது.
நான் எடுத்தது அங்கம்மா படையாச்சியை.
காவடி முடிந்த மத்தியானம்
கோயில் கேட்டருகே நாற்பது ரேண்டுக்கு விற்றது,
உறையில் அவள் பெயரே எழுத்துப்பிழையோடு.
மூன்றாவது பாட்டில் ஓரிடம்.
"மலை வரும்" என்பாள்.
நம்பியிருந்தேன்.
நான் பாத்திரம் கழுவும் ஒவ்வொரு ராத்திரியும்
டிராகன்ஸ்பர்க் எழுந்து
நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு வழிவிட்டு நடந்து,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூச்சு வாங்கி,
என் சமையலறை ஜன்னலில் வந்து நிற்கும்.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றேன்.
அப்போதுதான் சந்தேகம்: மழையோ?
பழைய பெட்டியில் இரண்டும் ஒன்றுபோல்தான் கேட்டன.
இவ்வளவு ரேண்டும் அந்த ஓர் எழுத்துக்குத்தான்.
பூபாலனிடம் சொல்லவில்லை.

முதலில் கேட்டது தாள்.
பாட்டு நோட்டைத் திருப்புகிறாள்:
ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.
எங்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு நோட்டு உண்டு.
பிறகு மிருதங்கக்காரனின் மோதிரம்
கட்டையில் இடிப்பது.
பிறகு அந்த இடம்.

மலை இல்லை.
மழையும் இல்லை.
அவள் நாக்கு மேலே சுருளத் தொடங்கி,
பாதியில் தயங்கி,
தாளம் காத்திருக்காதென்று
சொல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது.

நாலு தடவை போட்டேன்.
"பேஸ் நன்றாக இறங்குகிறது" என்றான் பூபாலன்.

எட்டு மணிக்கு லோட்ஷெடிங்.
தெருவே சுருதிப்பெட்டியை மூடியது.
அவன் போன் வெளிச்சத்தில்
ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தான்.
நான் இருட்டில் வாயைத் திறந்து
அவள் விட்ட இடத்தில்
என் நாக்கை வைத்துப் பார்த்தேன்.

"என்ன, அக்கா?"

ஒன்றுமில்லை.
மிஸஸ் மக்காத்தினி ஜெனரேட்டர் போட்டுவிட்டாள்.
கொஞ்சம் திணறுகிறது. நாலரைக் கட்டை.